பாலத்தில் ஒரு விலை

சைக்கிளில் இருந்ததை அவள் மறைக்கவில்லை.

நன்றாக வெயில் ஏறிய பிறகு, நடுச் சாலையில் உருட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் இரண்டு மூட்டை அரிசி. மேலே வைக்கோல் போடவில்லை. கரியைக் கொட்டி மூடவில்லை. பார்த்தவுடனே அரிசி என்று தெரியட்டும் என்று வெள்ளைத் துணியில் கட்டியிருந்தாள்.

ஆற்றுப் பாலத்தின் வாயிலில் சோதனைச் சாவடி. குறுக்கே ஒரு மூங்கில்.

இந்த மாவட்டத்து அரிசி அந்த மாவட்டத்துக்குப் போகக் கூடாது. விற்கவும் கூடாது. கொண்டுபோகிறவர் மக்கள் விரோதி. தலைவர் வைத்த சட்டம் அது. அக்கரை நகரத்தில் ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு ரேஷன் வரிசையில் நின்றதும் அதே சட்டத்தால்தான்.

தலைவர் மழைக்காலத் தொடக்கத்தில் இறந்துபோனார்.

அவருடைய நாற்காலிக்கு இரண்டு பேர். தலைவரின் பாதையிலிருந்து ஓர் அடியும் விலகக் கூடாது என்றார் ஒருவர். பசிக்கிறவனிடம் போய்ப் பாதையைக் கேளுங்கள் என்றார் மற்றவர். வானொலியில் காலையில் ஒரு குரல் வரும். மாலையில் இன்னொரு குரல்.

அவள் ஊரின் கூட்டுப்பண்ணைப் பொறுப்பாளர் இரண்டையும் கேட்டார். ஒரு நாள் காலை கயிறு பிடித்து, வயலை வீட்டுக்கு வீடு அளந்து கொடுத்துவிட்டார்.

"மேல சண்டை முடியறதுக்குள்ள ஒரு அறுப்பு பாத்துருவோம்" என்றார்.

அந்த அறுப்புதான் மூட்டையில் இருந்தது.

சாவடிக்காரன் கியெம் வெளியே வந்தான். இளைஞன். போன வருடம் இதே இடத்தில் அவள் கணவன் துவானைப் பிடித்தவன். அரிசி முழுவதும் பறிமுதல். துவானுக்குக் கல்லுடைக்கிற தண்டனை. திரும்பி வந்தவனுக்கு இடது கை விரல்கள் மடங்கவில்லை. சைக்கிளின் பிடியை அவனால் பற்ற முடியாது.

அதனால் அவள் வந்திருந்தாள்.

"அக்கா, திருப்புங்க."

"எதுக்குத் தம்பி?"

"அரிசி அந்தப் பக்கம் போகக் கூடாது. தெரியாதா?"

"யார் சொன்னது?"

கியெம் வாயைத் திறந்தான். இத்தனை வருடம் சொல்லிப் பழகிய பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெயருக்குரியவரைப் புதைத்தாகிவிட்டது.

"மேலிடம்" என்றான்.

"எந்த மேலிடம்? காலைல பேசுறவரா, சாயங்காலம் பேசுறவரா?"

அவன் உள்ளே போனான். தொலைபேசியைச் சுழற்றும் சத்தம் கேட்டது.

"தோழர், பாலத்துலேர்ந்து பேசறேன். அரிசி வந்திருக்கு... இல்ல, ஒளிச்சு இல்ல, பகல்ல... பொம்பளைதான். விடவா, பிடிக்கவா?"

அமைதி.

"என் முடிவா? நான் எப்படித் தோழர்..."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். நாளைக்கு ஜெயிக்கிறவர் யாரோ, அவர் கேட்பார், அன்றைக்குப் பாலத்தில் நீ என்ன செய்தாய் என்று. அந்தக் கேள்விக்கு மாவட்டமும் பயந்தது, மாகாணமும் பயந்தது. பயமெல்லாம் உருண்டு வந்து கடைசியில் இந்த மூங்கில் கம்பில் நின்றது.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டாள். ஓலைத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள்.

அழவில்லை. கெஞ்சவில்லை. அழுகிறவர்களையும் கெஞ்சுகிறவர்களையும் விரட்ட அவனுக்குத் தெரியும். அதில் அவனுக்கு நல்ல பழக்கம். சும்மா நிற்கிறவளை என்ன செய்வது என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

நின்றாள்.

கியெம் வெளியே வந்தான். துப்பாக்கியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். மூட்டையைச் சுற்றி ஒருமுறை நடந்தான். விரலால் அழுத்திப் பார்த்தான். புது அரிசி. துணியை மீறி வாசனை வந்தது.

அவன் வீடு அக்கரையில்தான். அவன் மனைவியும் அந்த வரிசையில் நிற்கிறவள்தான்.

சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"என்ன விலை?"

அந்தப் பாலத்தில் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். யாருடையது, எங்கே போகிறது, யார் அனுப்பியது. இதை மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவள் விலை சொன்னாள்.

"அநியாயம் அக்கா."

"அநியாயம்னா வேண்டாம்."

அவன் குறைத்துக் கேட்டான். அவள் முடியாதென்று தலையை ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டான். அவள் அரை மனதாய் ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்தாள்.

சாவடிக்குள் போய்த் தகரக் குவளையும் பையும் எடுத்து வந்தான். அவள் தலைதட்டி அளந்து போட்டாள். ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்துக் கொடுத்தான். வாங்கி மடியில் சொருகிக்கொண்டாள்.

பையை விரித்துப் பிடித்தபடியே அவன் நின்றான்.

"கொசுறு?"

அவள் மூட்டையின் வாயைக் கட்டினாள். முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

"அதை என் வீட்டுக்காரர் போன வருசமே குடுத்துட்டாரு தம்பி."

கியெம் பையைச் சுருட்டினான். அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. போய் மூங்கிலைத் தூக்கினான். அவள் தாண்டிப் போகும்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான்.

பாலத்தில் நல்ல காற்று. எதிரே நகரத்தின் ஓட்டுக் கூரைகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.

பாதிப் பாலம் கடந்தபோது அவளுக்குத் தோன்றியது, சொன்ன விலை குறைச்சல்தான்.