பக்கத்து அடுக்கு

"நத்தை ஒரு தடவை ஓடிப் பார்த்திருக்கு. ஓடு உடைஞ்சுபோச்சு!"

யாரோ சொல்ல, கூட்ட அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

நத்தை என்பது அவளோடு வேலை பார்க்கும் வடிவமைப்பாளருக்கு வைத்த பட்டப்பெயர். எதையும் ஆற அமரச் செய்கிற மனுஷர். பீங்கான் தகடுகளை அடுக்கி, எழுநூறு டிகிரி சூட்டில் வாயுவைச் செலுத்தி மின்சாரம் எடுக்கும் எரிபொருள் செல்லுக்கு இருவரும் ஆளுக்கொரு வடிவம் போட்டிருந்தார்கள். சோதனையில் எது தாக்குப்பிடிக்கிறதோ அதைத்தான் தொழிற்சாலை தயாரிக்கும்.

நேற்று அவருடைய அடுக்கு விரிசல் விட்டுவிட்டது. அவளுடையது கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையவில்லை.

"அவசரப்பட்டுச் சூட்டைக் குறைச்சிட்டீங்களா?" என்று கேட்டார் தலைமைப் பொறியாளர்.

"உடைஞ்சது என்னுதுதான் சார்." வடிவமைப்பாளர் தன் குறிப்பேட்டை மூடிவைத்தார்.

"கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றாள் அவள்.

நேற்று மதியம், மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்ததும், "என்னோடதையும் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு ஓடியதை அவள் சொல்லவில்லை. இப்போது எதற்கு அது?

அவளுடைய வடிவமே தேர்வானது. முதல் ஆளாகக் கைதட்டியவர் அவர்தான்.

கூட்டம் முடிந்து, வாழ்த்திக் கொடுத்த பூங்கொத்தோடு சோதனைக்கூடத்துக்கு வந்தாள். வாயுக் குழாய்களைக் கவனிக்கும் அக்கா ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வாழ்த்துகள் மேடம். நேத்து உங்களுது நூலிழையில தப்பிச்சுது போங்க!"

"ஏங்க்கா, என்னாச்சு?"

"அவர் சொல்லலையா? மெயின் லைன்ல அடைப்பு. ஹைட்ரஜனே வரல. கையிருப்பு ஒரே சிலிண்டர். சூடா இருக்கறப்ப வாயு நின்னா தகடு வெடிச்சிரும்ல? ரெண்டு அடுக்கும் ஆறுற வரைக்கும் அது பத்தாது."

அவள் கையிலிருந்த பூங்கொத்தை மேசைமேல் வைத்தாள்.

"சட்டுனு தன்னோட அடுக்குக்குப் போற வால்வை மூடிட்டார் மேடம். எனக்கு மனசே கேக்கல. இத்தனை நாள் உழைப்பாச்சே சார்னு கையைப் பிடிச்சேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"'என்னுது உடைஞ்சா மறுபடி செஞ்சுக்கலாம்க்கா. அவங்களுது உடைஞ்சா, அப்புறம் என்னை நம்பி யார் எதை விட்டுட்டுப் போவாங்க?'ன்னார்."