ஊசி வேண்டாம்

மானிட்டர் திடீரென அலறியது. கட்டிலில் சோமநாத குருக்கள் மூச்சுக்குத் திணறினார்.

"நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கு," என்றார் டாக்டர் கவிநிலா. "கரைக்கிற ஊசியை இங்கயே போடலாம். இல்லன்னா வேலூர் போய், தொடை வழியா குழாய் விட்டு எடுக்கணும். ரெண்டு மணி நேரப் பயணத்தை இவர் தாங்கணும். சமீபத்துல தலையில அடி பட்டுச்சா? பட்டிருந்தா ஊசி ஆபத்து."

"இல்ல டாக்டர், ஊசியே போடுங்க," என்றான் காலையில்தான் சென்னையிலிருந்து வந்த மகன் அருணேஷ்.

"வேண்டாம். வேலூர் போகலாம்," என்றாள் அம்மா மங்களாம்பிகை.

அருணேஷுக்கு எரிச்சல் மூண்டது. "வழியில ஏதாவது ஆயிட்டா? நீ என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

கூட வந்திருந்த கோயில் தர்மகர்த்தா ராமதாஸ், "பையன் சொல்றதுதான் சரிங்கம்மா," என்றார். "கும்பாபிஷேகம் முடிஞ்சு பத்து நாள்தான் ஆவுது. குருக்கள் சீக்கிரம் எழுந்து வரணும்."

நர்ஸ் ஊசியுடன் வந்தாள். மங்களாம்பிகை குறுக்கே போய் நின்றாள். தர்மகர்த்தா பக்கம் திரும்பாமலே டாக்டரிடம் சொன்னாள்:

"இவர் குடுமியை அவிழ்த்துப் பாருங்கோ. கும்பாபிஷேகத்தன்னிக்குக் கருவறையில வழுக்கி விழுந்து மண்டை உடைஞ்சுது. சாமி முன்னாடி ரத்தம் சிந்தினா எல்லாத்தையும் மறுபடி பண்ணணுமேன்னு, துடைச்சுட்டு வெளியே வந்துட்டார்."