தபசுப் படம்

மாதக்கணக்கில் நீங்கள் தேடிக்கொண்டிருந்த ஒன்று, பக்கத்து வீட்டுச் சுவரில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தால் உங்களுக்குச் சோறு இறங்குமா?

சந்தியாவுக்கு இறங்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் புதிதாகக் கட்டின கூத்து அரங்கத்தில் ஒவ்வொரு கூத்துக்கும் ஒரு போஸ்டர் போடுவார்கள். தெருவில் ஒட்டுகிற போஸ்டர் இல்லை. ஓவியர் ஒருவர் தன் கையாலேயே அச்சுப் போட்டு, மூலையில் பென்சிலால் நம்பரும் கையெழுத்தும் போட்டுத் தருவது. மொத்தமே ஐம்பதுதான். அதோடு அச்சையே அழித்துவிடுவார்கள்.

சூது, வனவாசம், தூது, படுகளம். நான்கையும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள் சந்தியா. 'அர்ச்சுனன் தபசு' மட்டும் இல்லை. அந்தக் கூத்து நடந்த அன்றைக்குப் பார்த்து அவள் பாப்பாவுக்குக் காய்ச்சல்.

ஐந்தையும் சேர்த்து வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், அவர் பெயரைப் போட்டுப் படங்களைப் பொங்கல் வரை அரங்கத்து வாசலில் வைப்போம் என்று இப்போது அறிவித்திருக்கிறார்கள்.

உறை ஊற்றக் கொஞ்சம் மோர் வாங்கலாம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனவள், அந்தச் சுவரைப் பார்த்ததும் கிண்ணத்தோடு நின்றுவிட்டாள்.

"இது ஏது சங்கவி?"

"கூத்து பாக்கப் போனோம்க்கா. வாசல்ல வித்தாங்க. மயிலு கலர்ல அழகா இருந்துச்சா, அவரு வாங்கிக் குடுத்தாரு. ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்."

சங்கவி கல்வராயன் மலைக்காரப் பெண். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை; போன வாரம்தான் இங்கே குடிவந்தாள். அவளுக்கு நம்பரின் அருமையும் தெரியாது, கையெழுத்தின் அருமையும் தெரியாது. நம்பர் மேலேயே டேப்பை ஒட்டி வைத்திருக்கிறாள், பாவி!

"கேட்டு வாங்கிக்கயேன்" என்றான் சந்தியாவின் புருஷன் அறிவுச்செல்வன்.

"கேட்டா அதுக்கு மதிப்பு இருக்குன்னு தெரிஞ்சிடும். அப்புறம் அவளும் சேக்க ஆரம்பிச்சிடுவா."

"உனக்குப் படம் வேணுமா, இல்ல அவகிட்ட அது இருக்கக் கூடாதா?"

"ரெண்டுந்தான். இன்னா இப்ப?"

மறுநாள், வாங்கின மோரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனாள். சங்கவியின் முகம் வாடியிருந்தது.

"அவரு திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாருக்கா. என்னை மலைக்கே போயிருன்றாரு."

சந்தியாவுக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது.

"போகாம இன்னா பண்ணுவாரு? இப்படி ஒரு படத்தை வூட்ல மாட்டிக்கினா?"

"படமா?"

"அர்ச்சுனன் இன்னா பண்ணான்? பொண்டாட்டியக் காட்டுலயே வுட்டுட்டுத் தனியா தபசுக்குப் போனான். கல்யாணம் ஆன புதுசுல அந்தப் படம் வூட்ல இருந்தா, ஆம்பளைக்கு வூடு தங்காதுடி."

சங்கவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்குத் தெரியாதேக்கா. இப்பவே கிழிச்சிப் போட்டுடறேன்."

"அய்யய்யோ, கிழிக்காத! பாவம் வந்துடும். எங்கிட்ட குடுத்துடு. நாங்க புள்ள பெத்தவங்க, எங்கள ஒண்ணும் பண்ணாது."

"உங்களுக்கு எதுக்குக்கா அந்தக் கஷ்டம்?"

"அக்கம்பக்கத்துல இருந்துக்கினு இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

டேப்பைக் கிழியாமல் உரித்து, தானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள் சங்கவி. சந்தியா சாயங்காலமே கடைக்குப் போய்ச் சட்டம் வாங்கி வந்தாள். நான்கு படத்துக்கும் நடுவில் ஆணி அடித்தாள். "பாவம்டி அந்தப் பொண்ணு" என்றான் அறிவுச்செல்வன். "நீங்க ஆணி நேரா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றாள்.

காலையில் பார்த்தால் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. வெள்ளிமலைக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். சந்தியா வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாளை ஓட்டினாள்.

மூன்றாம் நாள் சங்கவி வந்தாள். கையில் ஒரு தேன் பாட்டில், ஒரு பை தினை. முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நீங்க தெய்வம்க்கா! அவரு திருப்பூரு போகல. இங்கயே மில்லுல வேலை கெடச்சிடுச்சு. படம் வூட்டை வுட்டுப் போன அன்னிக்கே போன் வந்துச்சு!"

சந்தியாவின் பார்வை பைக்குள் துழாவியது. "ரொம்ப சந்தோசம். படம் எங்க?"

"உங்ககிட்ட குடுக்கத்தான் சுருட்டி எடுத்துக்கினு வந்தேன். வாசப்படி வரைக்கும் வந்துட்டேன். உள்ள அண்ணன் பாப்பாவை முதுகுல ஏத்திக்கினு யானை வெளயாட்டு காட்டிக்கினு இருந்தாரு. பாப்பா அப்படிச் சிரிக்குது! அதைப் பாத்துட்டு எப்படிக்கா அந்தப் படத்தை இந்த வூட்டுக்குள்ள வெக்க மனசு வரும்? எங்க வூட்டுக்கு ஆகாதது உங்க வூட்டுக்கு மட்டும் ஆகுமா?"

"அதனால?"

"மலைக்குப் போற வழியில கோமுகி டேமுகிட்ட எறங்குனேன். மஞ்சள் குங்குமம் வெச்சு, கும்பிட்டுத் தண்ணியில வுட்டுட்டேன்."

சந்தியா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சங்கவி பதறி, தண்ணீர் எடுக்கக் கூடத்துக்குள் ஓடினாள். முதல் தடவையாக இப்போதுதான் உள்ளே வருகிறாள். செம்போடு திரும்பியவளின் கண் சுவரில் நின்றது. ஒவ்வொரு படமாகப் பெயரைப் படித்தாள்.

"அக்கா... தபசுக்கே அப்படின்னா, சூதும் வனவாசமும் படுகளமும் பச்சப்புள்ள இருக்கிற வூட்ல இருக்கலாமா?" என்று சந்தியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் கழட்டிக் குடுங்கக்கா. நானே கொண்டுபோய்த் தண்ணியில வுட்டுட்டு வந்துடறேன்."