பறிக்கயிறு

படகு வருவதை அவள் பார்த்துவிட்டாள். கூப்பிட்டுச் சொல்ல வாய் இல்லை.

வாயில் கயிறு. கயிற்றின் முனையில் பனையோலைப் பறி. பறிக்குள் இறால், பாதிதான்.

உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு அப்படித்தான். கழுத்தளவு தண்ணீரில் மண்டி போட்டு நகர வேண்டும். இரண்டு கையும் சேற்றைத் துழாவும். அகப்பட்டதைப் போட்டு வைக்கும் பறியைப் பல்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பத்தடி தள்ளிக் கன்னியம்மாள். அவள் வாயிலும் ஒரு பறி. அதனால் காலையிலிருந்து இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

வீட்டில் பிள்ளை பெற்ற மகள். எட்டு நாளாகக் கஞ்சி. நேற்றுதான் இறால் கேட்டாள். பறி நிறைந்தால் விற்றது போக அவளுக்கு ஒரு பிடி மிஞ்சும். பாதிப் பறி அரிசிக்கே சரியாகப் போய்விடும்.

படகில் தேசப்பன். இன்றைக்கு இந்த இடத்தில் வலை விடும் முறை அவனுடையது. குப்பத்துச் சீட்டில் அவன் பெயர் விழுந்திருக்கிறது. போன முறைக்காரன் துடுப்பால் தண்ணீரை அடித்தே இவர்களைக் கரையேற்றினான்.

தேசப்பன் வீட்டில் நல்லவர்கள்தான். தாகம் என்று போய் நின்றால் தண்ணீர் தருவார்கள். சொம்பை ஒரு முழம் தூக்கிப் பிடித்து இவள் கையில் ஊற்றுவார்கள். பாதியை முழங்கை குடித்துவிடும்.

படகு நின்றது.

“தோ பாரும்மா, இன்னிக்கு எங்க மொறை.”

அவள் தலையாட்டினாள். பறியும் சேர்ந்து ஆடியது.

“இங்க வலய வுட்டா உன் காலச் சுத்திக்கும். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு, நான் அந்தாண்ட போயிட்றேன்.”

வாயைத் திறந்து.

அம்மா, மாமியார், புருஷன், ரேஷன் கடைக்காரர் என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் அவள் வாயைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எல்லோரும் மூடச் சொன்னவர்கள். திறக்கச் சொன்ன முதல் ஆள் இவன்தான். அதுவும் இப்போது.

அடக்கித்தான் பார்த்தாள். முதலில் மூக்கு வழியாக வந்தது.

பிறகு சிரித்தேவிட்டாள்.

பறி விழுந்தது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. சாய்ந்த பறியிலிருந்து இறால்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின.

சிரிப்பு நின்றுவிட்டது.

தேசப்பன் குதித்தான். எட்டிப் பிடித்தான்.

ஒரு கையில் படகுக் கயிறு. விட்டால் படகு போய்விடும். இன்னொரு கை பறியின் வாயைப் பொத்தியிருந்தது. எடுத்தால் இறால் போய்விடும். பறியைத் தூக்க மூன்றாவது கை இல்லை.

ஒரு நொடி நின்றான்.

குனிந்து பறிக்கயிற்றைப் பல்லில் கடித்தான்.

காலையிலிருந்து அவள் எச்சிலில் ஊறிய அதே இடம்.

கன்னியம்மாள் கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். ஊருக்கே சொல்ல வேண்டிய சேதி. வாய்தான் இல்லை.

இடுப்பளவு தண்ணீரில், படகை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பறியை வாயில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் நடந்து வந்தான். அவளிடம் கொடுத்தான். ஏழெட்டு இறாலுக்கு மேல் போயிருக்காது.

இப்போது பேச வேண்டியவள் அவள். வாயும் காலியாகத்தான் இருந்தது.

அவன் தாடையைத் தேய்த்துக்கொண்டான்.

“பல்லு வலிக்குது. எப்டித்தான் நாள் பூரா கடிச்சினு கீறீங்களோ.”

படகில் ஏறினான். சொன்னபடி அந்தாண்ட போனான். அங்கே வலை தண்ணீரில் விழும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையில் கயிறு. அதில் இரண்டு பேருடைய பல் தடம்.

ஒரு தடவை அலசிவிடலாம். சுற்றிலும் தண்ணீர்தான்.

அவள் அப்படியே கடித்துக்கொண்டு மண்டி போட்டாள்.