சூரிச் மாப்பிள்ளையின் ஆரூடம்

“எழுதி வச்சுக்கோங்க. நாளைக்கு ஹங்கேரிக்காரன் நமக்கு நாலு கோல் போடுவான்!” என்று மேசையைத் தட்டினார் ஒரோன்ஸோ. லெச்சே நகரில் இருந்த அவருடைய காப்பிக்கடை வாசலில் இத்தாலிக் கொடி பறந்தது. அவர் போட்டிருந்ததும் இத்தாலி அணியின் நீலச் சட்டைதான்.

“நாலோட நிறுத்துவானா? நம்ம கோல்கீப்பர் பந்து வந்தா ஒதுங்கி வழி விடுற நல்ல மனுஷனாச்சே!” என்றார் கசாப்புக்கடை பந்தலேயோ.

ஓய்வுபெற்ற தபால்காரர் சவேரியோவுக்கு அதுவும் போதவில்லை. “ஸ்பெயின்காரன் பந்தைக் கால்ல ஒட்ட வச்சுக்கிட்டுல்ல ஓடுறான். ஜெர்மன்காரன் மூச்சு வாங்கறதே இல்ல. நம்மாளு அஞ்சு நிமிஷம் ஓடினா, ஐயோ முடி கலைஞ்சுடுச்சேன்னு கவலைப்படுறான்.”

“ஆமா. அவனுங்க அரையிறுதிக்குப் போவானுங்க, நாம ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார் ஒரோன்ஸோ.

ஐரோப்பியக் கோப்பை தொடங்கிய நாளிலிருந்து தினமும் இதே கச்சேரிதான். பாதாம் பால் விட்ட ஐஸ் காப்பியை உறிஞ்சிக்கொண்டு மூன்று பேரும் சொந்த அணியைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இவ்வளவு பெரிய தேசபக்தர்களை ஒரே மேசையில் பார்ப்பது அபூர்வம்.

ஒரோன்ஸோவின் ஒரே மகள் டொனாத்தா காப்பி இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பெண் பார்க்க அன்றைக்கு மாப்பிள்ளை வருகிறான். சூரிச்சில் குடியேறிவிட்ட பழைய நண்பரின் மகன், பெயர் ரேனாத்தோ. பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய வேலை.

“பையன் என்கிட்ட நாலு வார்த்தை பேசட்டும். பிடிச்சுப்போச்சுன்னா ஞாயித்துக்கிழமையே மோதிரம் மாத்திடலாம். பாதிரியார்கிட்டகூட சொல்லிட்டேன்” என்றார் ஒரோன்ஸோ.

“ஞாயித்துக்கிழமை மேட்ச் எதுவும் இல்லையே?” என்று கவலையோடு கேட்டார் பந்தலேயோ.

“அதைப் பார்க்காமலா நாள் குறிச்சேன்?”

டொனாத்தாவைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். சர்க்கரை எங்கே என்று கேட்டார்கள்.

ரேனாத்தோ வந்தான். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை, நெற்றியில் மட்டும் வியர்வை. நேரே டொனாத்தாவிடம் போய், “உங்கப்பாவுக்கு எதைப் பத்திப் பேசினா பிடிக்கும்?” என்று தணிந்த குரலில் கேட்டான். அவள் அவன் காதருகே சாய்ந்து கொஞ்ச நேரம் என்னவோ சொன்னாள். அவன் பயபக்தியோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

“பாருங்கய்யா, அதுக்குள்ள ரகசியமாம்!” என்று கண்ணடித்தார் சவேரியோ. ஒரோன்ஸோவுக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

“உக்காருங்க மாப்ளே. நாளைக்கு நம்ம கதி என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?” என்றார்.

ரேனாத்தோ நிமிர்ந்து உட்கார்ந்தான். “இதுல என்ன சந்தேகம் மாமா? ஹங்கேரியை ஊதித் தள்ளிடுவோம், மூணு கோல்! ஸ்பெயின், ஜெர்மனி எல்லாம் நமக்குக் கால் தூசி. கப்பு நமக்குத்தான். இப்பவே வெடி வாங்கி வச்சிடலாம்!”

அடுத்த நொடி, அபசகுனம் கழிய இரும்பைத் தொடும் ஊர் வழக்கப்படி, சவேரியோ பாய்ந்து இரும்பு நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார். ஒரோன்ஸோ பையைத் துழாவிச் சாவிக்கொத்தை இறுக்கினார். இரும்பு எதுவும் கைக்கு எட்டாத பந்தலேயோ அவசரத்தில் எதைப் பிடித்துக்கொண்டார் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

“பாவி! ஜெயிப்போம்னு வாய்விட்டுச் சொல்லிட்டானே!” என்று அலறினார் ஒரோன்ஸோ. “மேட்சுக்கு முன்னாடி எவனாவது அப்படிச் சொல்லுவானா? போன தடவை இந்த சவேரியோ, ‘ஜெயிச்சிடுவோம் போலிருக்கே’ன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அன்னிக்கே மூட்டை கட்டினோம். ஆறு மாசம் இவனுக்கு நான் காப்பி ஊத்தலை!”

“ஏழு மாசம்” என்று தலைகுனிந்தபடி திருத்தினார் சவேரியோ.

“மாமா, நான் நம்ம டீமைப் புகழ்ந்துதானே...”

“புகழ்ந்தியா? தோப்போம் தோப்போம்னு தொண்டை கிழியக் கத்தி நாங்க கட்டிக் காப்பாத்தினதை, ஒரே நிமிஷத்துல கெடுத்துட்டியேடா! சூரிச்சுக்கு அடுத்த ரயில் எப்பன்னு பாரு, போ!”

மாப்பிள்ளையை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டார் ஒரோன்ஸோ. அவன் உட்கார்ந்த நாற்காலியைச் சுற்றி பந்தலேயோ உப்பு தூவி முடித்தார்.

டொனாத்தா ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. அதைப் பார்த்ததும் ஒரோன்ஸோவுக்கு நிஜமாகவே நெஞ்சு கலங்கிவிட்டது.

“அழாதேம்மா. கோபத்துல அப்பா உன் கல்யாணத்தையே கெடுத்துட்டேன். ஆனா இப்படி ஒரு வாயை வீட்டுல வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா மேட்ச் பார்க்கிறது? இனிமே பணமும் வேண்டாம், பெரிய வேலையும் வேண்டாம். கால்பந்து தெரிஞ்சவன் எவன் வந்து கேட்டாலும் உன்னைக் கட்டிக் குடுத்துடுறேன், சத்தியம்!”

“சரிப்பா” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சரக்கு அறைக்குள் போனாள் டொனாத்தா. கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு, போனை எடுத்தாள்.

“சூரிச்சுக்காரன் நான் சொல்லிக் குடுத்ததை ஒரு வார்த்தை விடாம ஒப்பிச்சுட்டுப் போயிட்டான். நாளைக்குக் காலைல நீ வந்து பொண்ணு கேளு... ஜெயிப்போம்னு மட்டும் சொல்லித் தொலைச்சுடாதே!”