கரடியின் காதில்

வாடகைக்கு எடுத்த கரடி உடைக்குள் செங்குட்டுவன் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். வயிற்றில் ஒரு தலையணையை வைத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார் கடைக்காரர். அந்தச் சிரமத்தை அவன் தொப்பை மிச்சப்படுத்திவிட்டது. மகள் யாழியின் ஆறாவது பிறந்தநாளுக்கு இப்படி வந்து நிற்பது அவன் யோசனைதான். "அப்பா ஆபீஸ்ல மாட்டிக்கிட்டாருடி" என்று மனைவி சுமித்ரா மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் கரடி தலையைக் கழற்றும். அதுவரை கரடி பேசாது.

கேக்கின் முதல் துண்டை ஊட்ட அப்பா இல்லையே என்று யாழி அதை டிஷ்யூவில் சுற்றித் தனியே எடுத்து வைத்தாள். கரடிக்குக் கண் கலங்கியது. வியர்வைதான் என்று சொல்லிக்கொண்டது. பிறகு அவள் அதன் மடியில் ஏறி, பஞ்சுக் காதைத் தூக்கினாள்.

"கரடி, ஒரு ரகசியம். அடுத்த பர்த்டேக்கு நாங்க பெங்களூர்ல இருப்போம். நானும் அம்மாவும் மட்டும். ஸ்கூல்கூடப் பாத்தாச்சு. அப்பாகிட்ட சொல்லக் கூடாதாம். நீயும் சொல்லாத, சத்தியம் பண்ணு."

நீட்டிய உள்ளங்கையில் கரடி தன் பாதத்தை வைத்தது.

சுமித்ரா ஜூஸோடு வந்து, கரடியின் வாய்க்குள் ஸ்ட்ராவைச் செருகினாள். "பாவம், ரொம்ப வேர்க்குதாங்க?" என்றாள். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "காதுல என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று கரடி தலையை இடமும் வலமும் ஆட்டியது. ஆட்டிக்கொண்டே இருந்தது. டான்ஸ் ஆரம்பித்துவிட்டதென்று குழந்தைகள் கைதட்டினார்கள்.