மூன்றாம் பிஸ்டன் தட்டிய சத்தம்

கரும்புகை விடுவது வண்டியின் பலத்துக்கு அடையாளம் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். உலகம் இன்னும் கெட்டுப்போவதற்குள் இதைத் திருத்திவிட வேண்டும்: அது எரியாமல் வெளியேறும் டீசல், வேறொன்றுமில்லை.

ஒரு பிக்கப் வண்டியின் மூன்றாம் பிஸ்டனுக்கு இது எப்போதோ தெரியும். பத்து வருடமாக இன்ஜினுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது அது. சூடு தாங்காவிட்டால் டக் டக்கென்று தட்டும். ஓட்டுநர் காதில் விழுந்ததும் வண்டியை ஓரங்கட்டி ஆறவிடுவார்.

ஒருநாள் பட்டறையில் பழைய சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, தொடைப் பருமனில் ஒரு வெற்றுக் குழாயை மாட்டினார்கள். புகை கறுப்பாக வரட்டும் என்று இன்ஜினுக்குப் போகும் டீசலையும் கூட்டிவைத்தார்கள்.

மறுநாள் மலைப்பாதையில், மூன்றாவது வளைவிலேயே பிஸ்டனுக்குத் தலை கொதித்தது. தட்டியது. வண்டி நிற்கவில்லை.

"தம்பி, கொஞ்சம் வாயை மூடு. நான் தட்டுறது அவருக்குக் கேக்கணும்" என்றது பிஸ்டன், குழாயிடம்.

"போ பெருசு!" என்று குழாய் உறுமியது. "ரோட்டுல போறவன் பூரா என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறான். உன்னை எவன் பார்த்தான்?"

"யாரும் பார்க்க வேண்டாம்பா. நான் உருகிக்கிட்டிருக்கேன்."

"என்னது? சத்தமாச் சொல்லு!"

பிஸ்டன் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஓங்கித் தட்டியது. ஓட்டுநரோ கண்ணாடியில் புகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினார்.

ஏழாவது வளைவில் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுந்தது.

இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். குழாயில் ஒரு கீறலும் இல்லாததால், அதைத் துடைத்து அடுத்த வண்டியில் மாட்டினார்கள்.